கிரீஸில் தேரி மணல்

ஜூன் 14, வெள்ளி

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடமிருந்து செய்தி வந்தது. “காரை வித்துரு. சும்மா நின்னா துருப்பிடிச்சிரும்.” வேறு ஒன்றுமில்லை. உடனே கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. எப்போதும் எடுப்பதில்லை.

போன பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலையில் தன் தம்பி முத்துக்குட்டியோடு காரில் கிளம்பியவர். பொழுது சாய்கிற நேரத்தில் முத்துக்குட்டி மட்டும் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். “அண்ணன திருநெல்வேலியில ரயில் ஏத்திவிட்டுட்டு வாறேன் மைனி. மும்பையில வேலை பாக்கப் போறாவளாம். கொஞ்ச நாளு தேட வேண்டாம்னு சொல்லச் சொன்னாவ” என்றான். அன்றைக்கே செல்பேசியிலும் அதே செய்தி வந்தது. மும்பைக்குப் போகிறேன் என்று அவர் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்தான். அண்ணன் தம்பிக்குள் அப்போது செம்மணல் தேரிக்காட்டுப் பனை நிலத்தால் மனத்தாங்கல் வேறு. தம்பி விற்க வேண்டும் என்கிறான், இவர் கூடாது என்கிறார். அதற்கு முந்தின வாரம் டீக்கடை முன்னால் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்ததை ஊரே பார்த்தது. அதெல்லாம் சேர்ந்து வெறுத்துப் போயிருப்பார்.

அன்று காலை எனக்கும் அவருக்கும் ஒரு சின்னப் பேச்சு நடந்தது. அதை எழுத வேண்டாம்.

மார்ச் மாதம் மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதி அனுப்பினேன். “கோவம் இல்ல” என்று பதில் வந்தது. அந்த இரண்டு வார்த்தைகளை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முன்பெல்லாம் செய்தியைக் குரலில் பேசித்தான் அனுப்புவார். தட்டிக்கொண்டிருக்கப் பொறுமை கிடையாது. மும்பையில் சத்தம் அதிகம் போல.

ஜூன் 15, சனி

தார்ப்பாயை எடுத்தேன். நான்கு மாதத் தூசி. செத்திருந்த பேட்டரியைக் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் ஏற்றிக் கொண்டுவந்து மாட்டியதும் எஞ்சின் மூன்றாவது தடவையில் பிடித்தது. இருபத்தாறு வருஷக் கார், இன்னும் மனசாட்சி இருக்கிறது.

தெருமுனையில் இடது பக்கம் திருப்பினேன். டக், டக், டக். நேராக ஓட்டினால் நின்றுவிடுகிறது. திருப்பினால் மறுபடி. யாரோ அடியில் படுத்துக்கொண்டு விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி.

பாலிடெக்னிக்கில் பதினான்கு வருஷமாக இதைத்தான் கற்றுக்கொடுக்கிறேன். எஞ்சினிலிருந்து முன் சக்கரத்துக்குப் போகிற தண்டின் முனையில் குண்டுகள் வைத்த ஒரு மூட்டு. சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது கூடவே திரும்பிச் சுற்றும். அதன் மேல் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு வைத்த ரப்பர் உறை. பூட் என்போம். உள்ளே இருக்கிற கிரீஸ் வெளியே போகக் கூடாது, வெளியே இருக்கிற மண் உள்ளே வரக் கூடாது, அவ்வளவுதான் அதன் வேலை. பூட் கிழிந்தால் மூட்டு போய்விடும். சத்தம் கேட்டால் போக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். பூட் வெடித்திருந்தது தெரியும். அதன் மேல் துணி சுற்றிக் கட்டியிருந்தது தெரியாது.

ஜூன் 16, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே ஆரம்பித்தேன். வண்டியைத் தாங்கிகளின் மேல் நிறுத்திவிட்டு இடது சக்கரத்தைக் கழற்றினால், நான்கு நட்டில் ஒன்று மரை மாறி ஏறியிருக்கிறது. அவர் ஒருநாளும் அப்படி ஏற்றமாட்டார். கையால் மூன்று சுற்று விட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவார். அவசரத்தில் ஏற்றியிருக்கலாம்.

துணி, பச்சைக் கட்டம் போட்ட லுங்கிச் சாரத்தின் கிழிசல். துடைப்பதற்காக டிக்கியில் கிடந்த பழைய சாரம். இரண்டு சுற்று, ஒரு சொருகல், மறுபடி ஒரு சுற்று. வழியில் பூட் கிழிந்துபோனால் இப்படிக் கட்டிக்கொண்டு வீடு வரலாம் என்று அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். முடிச்சை வெட்டாமல் பொறுமையாக அவிழ்த்தேன்.

தண்டை வெளியே இழுத்து மேசையில் வைக்கும்போது பெனடிக்ட் சார் வந்தார். எங்கள் கல்லூரி ஃபோர்ஜிங் ஷாப் ஆசிரியர். பூட்டின் கிளாம்ப் பட்டையை இறுக்கும் பிளையரைக் கேட்டிருந்தேன். மூட்டுக்குள் விரலை விட்டு ஒரு வழி வழித்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“ஏம்மா கனி, வண்டி தேரிக்குள்ள போச்சா?”

“இல்லியே சார். கடைசியா திருநெல்வேலிக்குத்தான் போச்சு.”

“திருநெல்வேலியில ஏது இந்த மண்ணு? குங்குமம் கணக்கா இருக்கு. நான் தேரி ஓரத்துக் குதிரைமொழிக்காரன், எனக்குத் தெரியாதா? ஒரு கை மண்ணு இருக்கும் போலயே உள்ள.”

“முன்னால எப்பவாச்சும் போயிருப்பாவ சார்.”

அவர் விரலைக் கழிவுப் பஞ்சில் துடைத்துக்கொண்டார். பிறகு பிளையரை வைத்துவிட்டு, “துணைக்கு ஆள் வேணும்னா கூப்பிடு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரியில் நான் குனிந்து பார்த்தபோது பூட்டில் மடிப்பு ஓரமாக வெடிப்பு மட்டும்தான் இருந்தது. மண் இல்லை.

ஜூன் 17

கிரீஸைப் பெட்ரோலில் கரைத்து, மண்ணை வடிகட்டி, காயவைத்து, ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடினேன். எதற்கு என்று தெரியவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

பூட் மாற்றியாயிற்று. புதுப் பூட் பீரோவிலேயே இருந்தது. ஏற்கெனவே வாங்கியது.

மூட்டைக் கழுவிக் குண்டுகளை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தேன். இரண்டில் லேசான தேய்மானம், இன்னும் கொஞ்ச நாள் ஓடும். முதலில் சின்ன கிளாம்ப், பிறகு பூட், பிறகு மூட்டு. வரிசை மாறினால் மறுபடி கழற்ற வேண்டியதுதான். கிரீஸை உள்ளே திணித்துப் பூட்டைப் பள்ளத்தில் உட்காரவைத்துப் பெரிய கிளாம்பை இறுக்கினேன். சின்னதை இறுக்குமுன் ஓரத்தில் திருப்புளியை நுழைத்து உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லையென்றால் ஓடும்போது பூட் உப்பி வெடிக்கும். காற்று ‘ஹா’ என்று மெதுவாக வந்தது. ஆள் மூச்சு விடுகிற மாதிரி. நான் கையை எடுத்துவிட்டேன். பிறகு இறுக்கினேன்.

டிக்கியிலிருந்த ஜாக்கியையும் எடுத்துப் பார்த்தேன். திருகு மரை முழுக்கச் சிவப்பு மண். அடித்தட்டில் பனைமட்டை நார் ஒட்டியிருந்தது. ஜாக்கியே பக்கவாட்டில் வளைந்திருந்தது.

ஜாக்கியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஜூன் 19

அவருக்கு எழுதினேன்: “பூட்டுல சாரத்தக் கிழிச்சிக் கட்டினது நீங்களா? எங்க வச்சுக் கட்டினிய?”

இரண்டு நீலக் கோடு விழுந்தது. படித்துவிட்டார். பதில் இல்லை.

ஜூன் 20, வியாழன்

காலை ஏழு மணிக்கு வாசலில் பைக் சத்தம். முத்துக்குட்டி. கடை திறக்கும் நேரத்தில் அவன் வரமாட்டான். முகம் கழுவாமல் வந்திருந்தான்.

“என்ன மைனி, வண்டியக் கழட்டிப் போட்டுக்கிட்டு இருக்கிய? சொல்லியிருந்தா நான் ஆளு விட்டுருப்பேன்லா?”

“நானே பாத்துட்டேன். பூட் மாத்தியாச்சு.”

“சாவியத் தாங்க. நான் கொண்டுபோயி வித்துத் தாறேன். அண்ணன்தான் சொல்லிட்டாவளே.”

“ஒனக்கும் சொன்னாவளா?”

“ஆமா. நேத்து.” காபியை எடுத்தான், குடிக்காமல் கீழே வைத்தான். “அந்தப் பழைய பூட்ட எங்க மைனி போட்டிய? அந்தத் துணிய?”

“குப்பையில போட்டுட்டேன்” என்றேன்.

அவன் போன பிறகு கதவைத் தாழிட்டேன். துணி இருந்ததை நான் அவனிடம் சொல்லவில்லை. பெனடிக்ட் சார் சொல்லியிருக்கலாம். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 21

துணியைத் துவைத்துக் கொடியில் போட்டேன். கிரீஸ் கறை போகவில்லை. கல்லூரியில் மூன்று பீரியட் எடுத்தேன். என்ன எடுத்தேன் என்று நினைவில்லை.

ஜூன் 22

அவர் குரலில் கடைசியாக வந்தது பிப்ரவரி எட்டாம் தேதி. “கனி, வரும்போது உளுந்து வாங்கிட்டு வா.” மூன்று நொடி. இன்று கேட்டேன். அதற்குப் பிறகு வந்த எதிலும் ‘கனி’ என்ற சொல் இல்லை. சுயம்பு என்று அவர் பெயர்கூட இல்லை. பெயரே இல்லை.

நாளை வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் பெனடிக்ட் சாரைக் கூப்பிட்டு, முத்துக்குட்டியோடு தேரி நிலத்துக்குப் போகிறேன், ஒரு மணிக்குள் என் போன் வரவில்லையென்றால் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லுங்கள் என்றேன். “நானும் வாறேனே” என்றார். வேண்டாம் என்றேன். பத்து மணிக்கு முத்துக்குட்டி கடைக்கு முன்னால் காரை நிறுத்தினேன்.

“வண்டி எப்படி ஓடுதுன்னு பாக்கணும். பக்கத்துல இருந்து சத்தம் கேட்டுச் சொல்லு. ஏறு.”

ஏறினான். மறுப்பான் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒவ்வொரு திருப்பத்திலும் நான் காதைக் கொடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. தார் ரோடு முடிந்து தேரிக்குத் திரும்பும் இடத்தில் அவன், “இங்க எதுக்கு மைனி?” என்றான். நான் கியரைக் குறைத்தேன்.

ஆனிக் காற்று. தேரி முழுக்கப் புகைந்துகொண்டிருந்தது. சிவப்பு மேடுகளின் விளிம்பிலிருந்து மணல் கிளம்பி, தரையோடு தரையாகப் பாம்பு போல ஓடி, அடுத்த மேட்டில் ஏறுகிறது. கழுத்துவரை புதைந்த பனைகளின் ஓலை மட்டும் தலைவிரித்து ஆடுகிறது. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது, ஆனாலும் வெளிச்சம் சாயங்காலம் மாதிரி சிவந்து கிடந்தது. அவர்கள் நிலத்தின் எல்லைக்கல் தெரிகிற இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். மணல் கண்ணாடியில் விழுந்து விழுந்து சரசரத்தது. ஒரு கூட்டம் வெளியே நின்று குசுகுசுத்துக்கொள்வது போல இருந்தது.

நான் இறங்கினேன். அவன் இறங்கவில்லை. கால்களை சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டான், தரையில் தண்ணீர் ஏறுகிற மாதிரி.

“இங்கதான் கட்டினாவளா?” என்று கேட்டேன்.

முழங்காலைக் கட்டிக்கொண்டு சொன்னான்.

“எல்லைக்கல்லப் பாக்கத்தான் வந்தோம் மைனி. சண்டை போட இல்ல. வரும்போதே சமாதானமாயிட்டோம். மண்ணுல வண்டி இழுத்துச்சு. டக்கு டக்குனு சத்தம் கேக்குதுலேன்னு அண்ணன் எறங்கிப் பாத்தாவ. பூட் ரெண்டாக் கிழிஞ்சு மண்ண அள்ளிட்டு இருந்துச்சு. ‘இப்படியே ஓட்டிட்டுப் போனா ஒன் மைனி என்னைத் தொலைச்சிருவா’ன்னு சிரிச்சாவ. ஜாக்கிக்கு அடியில பனைமட்டைய வச்சி வண்டியத் தூக்கி, வீலக் கழட்டிட்டு, அடியில படுத்துத் தலையக் குடுத்துக் கட்டுனாவ. ‘கட்டியாச்சுலே, தண்ணி எடு’ன்னாவ. பாட்டில் சீட்டுக்கு அந்தப் பக்கம் கெடந்துச்சு. கதவத் தொறந்து ஒரு காலத் தூக்கி உள்ள வச்சேன் மைனி. வச்சது மட்டுந்தான், ஜாக்கி சாஞ்சிட்டு.”

காற்று அவன் குரலைப் பாதி கொண்டுபோனது. நான் குனிந்து ஜன்னலருகே முகத்தை வைத்துக்கொண்டேன்.

“எவ்வளவு நேரம் உசிரோட இருந்தாவ?”

“இல்ல மைனி. அப்பவே. மண்ணத் தோண்டித்தான் அவியள எடுத்தேன், வீல மாட்டினேன், இங்கேயே பொதச்சேன்.”

“ஏம்ல சொல்லல?”

“முந்தின வாரந்தான் ஊரு பாக்கச் சட்டையப் புடிச்சோம். நெலத்துக்காகக் கொன்னுட்டான்னுதான் சொல்லுவாவ. யாரு நம்புவா? நீங்க நம்பியிருப்பியளா?”

நம்பியிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

“ஒரு நாளு தள்ளிப் போடுவோம்னுதான் அவிய போன்ல இருந்து உங்களுக்குப் போட்டேன். நீங்க பதில் போட்டிய. அதுக்கு நான் போட்டேன். அப்புறம் நிறுத்த முடியல. நிறுத்தினா அண்ணன் செத்துப்போனது நெசமாயிருமேன்னு இருந்துச்சு.”

“‘கோவம் இல்ல’ன்னு போட்டது?”

“நாந்தான். நீங்க அழுதுக்கிட்டே எழுதின மாதிரி இருந்துச்சு.”

அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன். எனக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று தெரியாது. “எங்க? எடத்தக் காட்டு” என்றேன். அவன் கண்ணை மறைத்துக்கொண்டு ஒரு பனையைக் காட்டினான். உடனே, “இல்ல, அதில்ல” என்றான். இன்னொன்றைக் காட்டி அதை நோக்கி நடந்தான், நானும் போனேன். “அன்னைக்கி மேடு அந்தப் பக்கம் இருந்துச்சு மைனி. இது இங்க இல்ல. எல்லாம் எடம் மாறிட்டு.” முழங்கால் போட்டு உட்கார்ந்து கையால் மணலைத் தள்ள ஆரம்பித்தான். தள்ளத் தள்ள மணல் உள்ளேயே வழிந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். காரிலிருந்து நாங்கள் நடந்து வந்த காலடிகள் ஒன்றுகூட இல்லை.

திரும்பும்போது ஸ்டேஷன் வாசலில் நிறுத்தச் சொன்னது அவன்தான். பன்னிரண்டே முக்காலுக்குப் பெனடிக்ட் சாருக்குப் போன் செய்தேன்.

ஜூன் 24

இருபது பேர் தோண்டினார்கள். கிடைக்கவில்லை.

ஜூன் 25

இன்றும் இல்லை. தாசில்தார் வந்து நின்றார். காலையில் தோண்டிய குழிகள் மதியம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் தூர்ந்துவிடுகின்றன. நான் ஓரமாகக் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். தோண்டுகிறவர்களில் ஒருவர், “அம்மா, இங்க காத்து எடுத்தாத்தான் உண்டு, நாம எடுக்க முடியாது” என்றார். அவருக்கு மோர் கொடுத்தேன்.

ஜூன் 26, புதன்

காற்றுதான் எடுத்துக் கொடுத்தது. காலை எட்டு மணிக்கு நாங்கள் போனபோது, யாரும் தோண்டாத ஒரு சரிவில், மேட்டின் பாதி உட்கார்ந்துபோய், அவருடைய வலது கை முழங்கைவரை வெளியே இருந்தது. உள்ளங்கை மேல்நோக்கி. ஸ்பானர் கேட்டு நீட்டுகிற மாதிரி.

நகங்களுக்குள் கறுப்பாக இருந்தது. கிரீஸ் நகத்துக்குள் போனால் லேசில் போகாது.

ஜூன் 28

காரியங்கள் முடிந்தன.

ஜூலை 8, திங்கள்

ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண், என் வயது இருக்கும். ரோஸ்லின் என்று பெயர். காரையும் ஜாக்கியையும் கொட்டகையில் நிறுத்தியிருந்தார்கள்.

“முதல்ல ஒண்ணு கேட்டுக்கறேன்” என்றார். “உங்க வீட்டுக்காரர் போன் எங்ககிட்டதான் இருக்கு. அதுக்கு நேத்துகூட மெசேஜ் வந்திருக்கு. நீங்கதான் அனுப்புறீங்களா?”

“ஆமா மேடம்.”

அவர் போனை இழுப்பறையில் வைத்து மூடினார்.

“பிரேதப் பரிசோதனையில நெஞ்சு நசுங்கினதுன்னு வந்திருக்கு. உங்க கொழுந்தன் விபத்துங்கறான். ஊர்ல ஒருத்தர்கூட நம்பல. வண்டியை நிபுணர் வந்து பார்ப்பாங்க, அது வேற. ஆனா வண்டியை முதல்ல கழட்டினது நீங்க. நீங்க பார்த்ததை வாக்குமூலமாச் சொல்லணும். அவன் சொல்ற மாதிரி நடக்குமா நடக்காதா, உங்களுக்குத் தெரியும்.”

எனக்குத் தெரியும். வளைந்த ஜாக்கி எந்தப் பக்கம் சாய்ந்தது, மணலில் பனைமட்டை எவ்வளவு தாங்கும், கதவுப் பக்கம் ஓர் ஆள் ஏறினால் பாரம் எங்கே போகும் எல்லாம் தெரியும். தெரியாது என்று சொன்னால் போதும், அவன் ஆயுளுக்கும் உள்ளே கிடப்பான். நான்கு மாதம் என் கணவர் பெயரில் என்னோடு பேசியவன். அப்படிச் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் இருந்தது. ஒரு நிமிஷத்துக்கும் மேலே இருந்தது.

“நடக்கும்” என்றேன். “அவன் சொன்ன மாதிரிதான் நடந்திருக்கு.” ஜாக்கியை எடுத்து மேசையில் வைத்துக் காட்டினேன். மட்டை நாரையும், மண் ஏறிய மரையையும், அவன் மரை மாற்றி ஏற்றிய நட்டையும் காட்டினேன். வீட்டிலிருந்து கொண்டுபோன பாட்டிலையும் துணியையும் கொடுத்தேன். ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கொண்டே வந்தார். முடித்துவிட்டுப் பேனாவை மூடப்போனார்.

“இன்னும் இருக்கு. எழுதுங்க” என்றேன். “பூட் வெடிச்சிருக்குன்னு ஜனவரியிலயே எனக்குத் தெரியும். புதுப் பூட்ட அந்த மாசமே வாங்கி பீரோவுல வச்சிருந்தேன். மாத்திக் குடு, மாத்திக் குடுன்னு அவிய ஒரு மாசமாக் கேட்டாவ. பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலையிலயும் கேட்டாவ. எனக்கு வேற வேலை இல்லையா, இந்த ஓட்டை வண்டியவே கட்டிட்டு அழணுமான்னு சத்தம் போட்டேன். கிழிஞ்சா துணியக் கட்டிக்கிடுங்கன்னு சொன்னேன். அவிய கட்டிக்கிட்டாவ.”

ரைட்டர் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

“இது கேஸுக்கு வேண்டாம்மா” என்றார் ரோஸ்லின். குரல் தணிந்திருந்தது. “இதுல குத்தம் ஒண்ணும் இல்ல.”

“எனக்கு வேணும் மேடம். எழுதச் சொல்லுங்க.”

எழுதினார். படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தால், போலீஸ் காவல் முடிந்து கோர்ட்டுக்குக் கொண்டுபோவதற்காக முத்துக்குட்டியை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். பாதியாக இளைத்துப்போயிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், விலங்கு பெஞ்சோடு மாட்டியிருந்ததால் முடியவில்லை. “மைனி” என்றான்.

வாசல்வரை போனேன். திரும்பி வந்தேன். பெஞ்சில் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது. காவலுக்கு நின்றவர் ஓர் அடி விலகிக்கொண்டார். வேன் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.